இரண்டு பேணி

இன்று காலை பல்கலைக்கழகப் பிள்ளை ஒருத்தி படிவத்தோடு கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இளையோர் வெளியே போகும் இரவுகளில் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று அளக்கிறார்களாம். என் இளைய மகனுக்கு இருபத்தாறு வயது.

"போன சனிக்கிழமை எவ்வளவு, அண்ணை?"

"சும்மா ரெண்டு பேணி."

இரண்டு குவளை என்று எழுதப் போனாள். படிவத்தில் பிழை எழுதுவது எனக்குப் பொறுக்காது.

"எந்தப் பேணி எண்டு கேளும், பிள்ளை."

சனிக்கிழமைகளில் அலுமாரியிலிருந்து காணாமல் போகும் சில்வர் பேணியை எடுத்து வந்தேன். சாப்பிட்ட கோப்பை கழுவாதவன், இதை மட்டும் கழுவி வைப்பான்.

உள்ளே ஒரு கீறல் இருக்கிறது.

"சாராயம் இதுவரையோ, அண்ணை?"

படிவத்தில் ஒன்று என்று எண்ணும் அளவுக்குக் கொண்டுவந்த சின்னக் கிண்ணத்தால் அவள் தண்ணீர் ஊற்றினாள். கீறலைத் தொட ஐந்து முறை ஊற்ற வேண்டியிருந்தது.

"அப்ப பத்து, அன்ரி."

"அம்மாவுக்கு விசர் பிடிச்சிட்டுது" என்று மகன் எழும்பிப் போனான்.

"கீறல் ஆர் போட்டது, அன்ரி?"

"இவன்ரை அப்பா."

ஈரல் பழுதாகிக் கிடந்தபோது டொக்டரிடம் அவரும் இரண்டு என்றுதான் சொன்னார். பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன்.

பிள்ளை போனபின் பேணியைத் துடைத்து அலுமாரியிலேயே வைத்துவிட்டேன். நல்ல பாத்திரத்தை எறிந்து பழக்கமில்லை. நீங்கள் என்றால் எங்கே வைப்பீர்கள்?