பிளைவுட் ஓரத்துச் சிலாம்பு

வச்சிரம் காய்ச்சுகிற வாடை இருக்கிறதே... மாட்டுத்தோல் பசை. அடுப்பில் ஏற்றினால் தெரு முழுக்க அடிக்கும். மசக்கைக்காரியான எனக்குக் குடலைப் புரட்டும்.

எழுபதுகளின் தொடக்கம். அரூரில் வாடகை வீடு. என் வீட்டுக்காரர் ரேடியோ ரிப்பேர்காரர், ஸ்பீக்கர் பெட்டியும் வீட்டிலேயே செய்வார். சேலத்தில் பிளைவுட் வாங்கி பஸ் கூரையில் போட்டுக் கொண்டுவருவார்.

பலகையை அறுப்பது சுலபம். ஓரம்தான் உயிரை வாங்கும். அறுத்த இடமெல்லாம் அடுக்கடுக்காகப் பல்லை இளிக்கும். மரத்தூளை வச்சிரத்தில் பிசைந்து அப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மேலே மெல்லிய தேக்குப் பட்டை வைத்து ஆணி அடிக்க வேண்டும். தேய்ப்பது என் வேலை. முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு தேய்ப்பேன்.

வழவழப்பு வந்துவிட்டதா என்று பார்க்க, அவர் ஓரம் முழுக்க விரலை ஒரே இழுப்பாக இழுப்பார். வேண்டாம் என்றால் கேட்டால்தானே! ஒருநாள் ஊசிபோல ஒரு மரச் சிலாம்பு நகக்கண்ணுக்குள் ஏறிவிட்டது. பாதி வந்தது, பாதி உள்ளேயே முறிந்துபோனது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். மனிதருக்கு ஊசி என்றால் அப்படி ஒரு நடுக்கம். தீர்த்தமலைத் திருவிழாவுக்குள் பெட்டியைக் கொடுக்க வேண்டும், அப்புறம் பார்க்கலாம் என்று துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு சபூராக்கா நல்ல மனசுக்காரர். என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார், தன் கொழுந்தனை இப்படித்தான் பறிகொடுத்தார்களாம். துருப்பிடித்த ஆணி ஏறி ரணஜன்னி கண்டதாம்.

"மொதல்ல தாடை இறுகும். அப்பறம் பல்லு கிட்டிக்கும். வாயே தொறக்க வராது புள்ள."

அவ்வளவுதான், என் தூக்கம் போச்சு. வயிற்றில் பிள்ளை. இவருக்கு ஒன்று ஆகிவிட்டால்? அவர் சாப்பிடும்போது தாடையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பேச்சு குழறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வேன். விடிந்ததும் முதல் வேலை, "ஏங்க, வாயத் தொறங்க."

"நான் என்ன சந்தையில புடிச்ச மாடா, பல்லப் பாக்கற?" என்று சிரிப்பார். ஆனாலும் திறந்து காட்டுவார்.

ஒரு மத்தியானம் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தேன். பெட்டிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். சோறு போடட்டுமா என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். "ம்ம்" என்றார். மூக்கால்தான் வந்தது. உதடு இறுக மூடியிருந்தது.

குடம் கீழே விழுந்தது. ஓடிப்போய் சபூராக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவரும் பார்த்தார்... நெஞ்சில் கைவைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்த மனிதர், உள்ளங்கையை வாய்க்கு நேராக ஏந்தித் துப்பினார். அத்தனையும் ஆணி! தேக்குப் பட்டைக்கு அடிக்கிற குட்டி ஆணிகள். இரண்டு கைக்கும் வேலை இருக்கும்போது உதட்டில் கவ்விக்கொள்வது அவர் வழக்கம். பயத்தில் எனக்கு அது எங்கே ஞாபகம் வந்தது?

சபூராக்கா சிரித்துவிட்டார். என்னால் முடியவில்லை. கொட்டிய தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதேன், அழுதேன். வீட்டுக்காரர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

"எந்திரி. போயி ஊசி போட்டுக்கறேன். நீ இப்படி நடுங்காத."

பெரியாஸ்பத்திரியில் ஊசி ஏறும்போது என் கையை நெரித்தார் பாருங்கள், எனக்கு விரல் வலித்தது. உள்ளே இருந்த சிலாம்பையும் எடுத்துவிட்டார்கள். பெட்டியும் திருவிழாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது பேரன் கையில் ஒரு ஸ்பீக்கர் வைத்திருக்கிறான். பிளாஸ்டிக். ஓரமும் இல்லை, தேய்க்கிற வேலையும் இல்லை. எங்கள் பெட்டியைவிடச் சத்தம் அதிகம்தான்.

அவர் நல்லபடியாக வாழ்ந்து, வயதாகி, தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு, விடிந்ததும் வாயைத் திறக்கச் சொல்ல ஆளில்லாத எனக்கு, எதற்கும் அப்படி ஒரு பயம் வந்ததில்லை.

வந்தால் தேவலாம் என்றிருக்கிறது.