விரல் படாத குஸ்தி

ரப்பர் பாய்க்குப் புதுச் செருப்பும் பழைய வியர்வையும் கலந்த ஒரு வாடை உண்டு. ஐம்பதைத் தாண்டிய அலுப்போடு அதில் மூக்கை அழுத்திக் கிடக்க நேர்ந்ததற்கு என் வாய்தான் காரணம். மகளை ஜூடோ வகுப்பில் விடப்போன இடத்தில், "இதெல்லாம் எங்க சின்ன காஞ்சிபுரத்துல எப்பவோ இருந்ததுதான் மாஸ்டர்" என்று சொல்லிவைத்தேன். "அப்படியா சார், காட்டுங்களேன்" என்றார் அவர், மிக மரியாதையாக.

குஸ்தி எங்கள் தெருவுக்கு எப்படி வந்தது என்பதில் பெரியவர்களுக்குள்ளேயே குஸ்தி. "நவாப்பு சிப்பாய்ங்க கொண்டாந்ததுபா" என்பார்கள் சிலர். கோயில் தூணில் கட்டிப்புரளும் இரண்டு மல்லர்களைக் காட்டி, அதற்கும் முந்தையது என்பார்கள் வேறு சிலர். வந்த வழி எதுவானாலும், நெசவு வீடுகளுக்குள் நுழைந்ததும் அது உருமாறிப்போனது. விரல் நுனி சொரசொரப்பானால் பட்டு இழை அதில் மாட்டி அறுந்துவிடும் என்பதால், "குஸ்தி போடு, வெரல மடக்கிக்கினு போடு" என்பதே எங்களுக்குச் சட்டம். ஆகவே முஷ்டியை மூடிக்கொண்டு மணிக்கட்டாலும் முழங்கையாலுமே பிடித்தோம்; அதற்கு "மடக்குப் பிடி" என்று பெயர். தூண் மல்லர்களின் விரல்கள் உடைந்துபோயிருந்ததையும் எங்கள் பாணிக்குச் சான்றாக வைத்துக்கொண்டோம்.

என் சின்ன வயதில் ஒரு கோடையில், ஊருக்கெல்லாம் நெய்த எங்கள் தறியில் முதல்முறையாக அக்காவின் கல்யாணப் புடவைக்குப் பாவு நூல் ஏறியிருந்தது. அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளும் வேலை எனக்கு. நெசவு தொடங்கும் முன்பே பாதிப் புடவை என்னுடையது என்று நினைப்பு. தொடங்குவதற்கு முந்தின மாலை, வேகவதி ஆற்று மணலில் பக்கத்து ஊரான முசரவாக்கத்துப் பையன் ஒருவனோடு எனக்குக் குஸ்தி. தோற்ற ஊர்ப் பையன்கள், விளையாடும் அந்த மணலை விட்டுக்கொடுக்க வேண்டும். "இன்னாடா, கைல முட்டாய் வெச்சிக்கினு இருக்கியா?" என்று சிரித்தான். அவன் கழுத்து என் முழங்கைக்குள் வந்தது. விரலைத் திறந்து ஒரு பிடி பிடித்திருந்தால் முடிந்திருக்கும். புடவையை நினைத்து இன்னும் இறுக்கி மடக்கினேன். அவன் நழுவி என்னைக் கவிழ்த்தான்.

மணல் போனால் போகிறது, விரல் தப்பியதே என்று வீட்டுக்கு வந்து கையை விரித்தேன். என் நகங்களே என் உள்ளங்கையைக் கிழித்திருந்தன. அப்பா ரத்தத்தைப் பார்த்தார். "தறி பக்கம் வராத" என்றார். என் இடத்தில் அக்காவே உட்கார்ந்தாள். என் கை ஆறுவதற்குள் அவளுக்குக் கை பழகிவிட்டது.

நாங்கள் விட்டுக்கொடுத்த மணல் இன்று அவர்களிடமும் இல்லை. லாரி ஏறிப் போய்விட்டது. மிஞ்சிய மடக்குப் பிடியைத்தான் மாஸ்டரிடம் காட்டப்போனேன். முஷ்டி தானாக மூடிக்கொண்டது. மறுகணம் ரப்பர் வாடை.

கழுத்துச் சுளுக்கோடு அக்காவுக்குப் போன் செய்து, "அன்னிக்கி உன் பொடவைக்காகத்தான்கா தோத்தேன்" என்றேன்.

"நல்லதாப் போச்சுடா" என்றாள். "உன் கை படாததாலதான் அது இன்னும் நல்லா இருக்குது."