ஃப்ரீ த்ரோவுக்குத் திரும்பி நிற்பவர்

பஸ் மட்டும் அன்றைக்கு ஒழுங்காக ஓடியிருந்தால் பூபாலனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்திருக்காது.

பாலாநகரில் ஒரு பட்டறையில் அவருக்கு லேத் வேலை. காலை ஷிப்டு. மத்தியானம் கை கழுவிவிட்டு பஸ் ஏறினால் செகந்திராபாத், தார்நாக்கா என்று ஆடி அசைந்து உப்பலில் கொண்டுபோய் விடும். அங்கே ஒற்றை ரூமில் வாடகைக்கு இருந்தார். 2003-ல் ஒரு நாள் ஹப்சிகுடா வந்ததும் வண்டி பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. மண்டையைப் பிளக்கிற வெயில். நிழலுக்காக ஒரு ஸ்கூல் கேட்டை ஒட்டி ஒதுங்கினார். உள்ளே சிமெண்டுத் தரையில் பெண்பிள்ளைகள் பாஸ்கெட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆட்டத்தில் அவருக்கு ஒரு எழவும் தெரியாது. ஆனால் தோற்கிறது யார் என்று தெரிந்துகொள்ள ஆட்டம் தெரிந்திருக்க வேண்டுமா என்ன? அந்த ஸ்கூல் பிள்ளைகள்தான் அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். சாதாரண அடி இல்லை, எழுந்திருக்க முடியாத அடி. மற்ற பிள்ளைகள் எப்போது முடியும் என்று நின்றுகொண்டிருக்க, நாலாம் நம்பர் சட்டை போட்ட ஒரு குள்ளப் பெண் மட்டும் ஒவ்வொரு பந்துக்கும் விழுந்து எழுந்து ஓடினாள். ஏதோ ஒரே ஒரு பாயிண்டுதான் பாக்கி, இதோ எட்டிவிடலாம் என்பதுபோல.

மாற்று பஸ் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். பூபாலன் ஏறவில்லை.

மறுநாள் பஸ் நன்றாகத்தான் ஓடியது. அவராகவே ஹப்சிகுடாவில் இறங்கினார். இவ்வளவு தோற்ற பிறகும் அந்தக் குள்ளப் பெண் வருவாளா என்று பார்க்கவேண்டும் என்றிருந்தது. வந்திருந்தாள். தனியாகப் பந்து தட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், ஆள் மாட்டிக்கொண்டார்.

அவருக்கு வீட்டில் போய் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அப்பா அரக்கோணத்திலிருந்து லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்புக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில்தான் பூபாலன் பிறந்தார். அப்பா போனார், குவார்ட்டர்ஸ் போனது, பிறகு அம்மாவும் போய்விட்டாள். கல்யாணப் பேச்சு ரெண்டு மூணு வந்து தானாகவே அடங்கிவிட்டது. அம்மா போன பிறகு அந்த ரூமில் தமிழ் என்றால் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டர்தான். அதுவும் பேசாது. பட்டறையில் தெலுங்கு, தெருவில் ஹைதராபாத் ஹிந்தி. தூக்கத்தில் உளறினால் எந்த பாஷையில் உளறுகிறோம் என்று சொல்லக்கூட ஆள் கிடையாது.

ஆகவே தினம் ஹப்சிகுடா. வாட்ச்மேன் காஜா மியான் ஆரம்பத்தில் ஒருதரம் கேட்டார், "கிஸ்கே பாப்பா ஆப்?" யாருடைய அப்பா என்று. பூபாலன் பல்லைக் காட்டிக்கொண்டு "ஹவ்" என்றார். ஆமாம் என்று அர்த்தம். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் ஹைதராபாதில் ஒரு "ஹவ்" போட்டால் பாதிக் கதவு திறந்துவிடும். காஜா மியானும் "ஹவ் ஹவ்" என்று தலையாட்டி உள்ளே விட்டுவிட்டார். அதற்கப்புறம் அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

முதல் வருஷமே ஒரு வழக்கம் தொற்றிக்கொண்டது. எதிராளி இடித்துவிட்டால் ஃப்ரீ த்ரோ கொடுப்பார்கள். எல்லோரும் விலகி நிற்க, ஒருத்தி மட்டும் கோட்டில் தன்னந்தனியாக நின்று கூடையைப் பார்த்துப் போடவேண்டும். தடுக்கவும் ஆள் இல்லை, உதவிக்கும் ஆள் இல்லை. அந்தக் குள்ளப் பெண் கிரிஜா அப்படிக் கோட்டுக்கு வந்து வரிசையாகத் தவறவிட்டுக்கொண்டிருந்தாள். பூபாலனால் பார்க்க முடியவில்லை. சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். பின்னால் வலை மட்டும் சரக்கென்றது. விழுந்துவிட்டது!

அன்றையிலிருந்து நம் பிள்ளைகள் ஃப்ரீ த்ரோ போட்டால் அவர் முதுகைத்தான் காட்டுவார். வளையத்தில் பட்டால் டங்கென்று கேட்கும். நேராகப் போனால் சரக். காதே போதும். பிள்ளைகளும் கவனித்துவிட்டார்கள். கோட்டுக்கு வருகிறவள் ஒருதரம் சுவர்ப்பக்கம் பார்ப்பாள். பட்டறைக் காக்கிச் சட்டை போட்ட அந்த முதுகு தெரிந்தால்தான் பந்தைத் தட்ட ஆரம்பிப்பாள். விளையாட்டு டீச்சர் வசந்தகுமாரி மேடம்கூட ஒருதரம் "அங்கிள், டர்ன், டர்ன்!" என்று கத்தியிருக்கிறார்.

ஆனால் ஸ்கூல் டீமுக்கு ரசிகனாக இருப்பது மகா கொடுமை. சினிமா ஸ்டாருக்கு ரசிகன் என்றால் கூடவே நரைத்துக் கிழவனாகலாம். இங்கே மார்ச் மாதம் வந்தால் டீம் காலி. பத்தாம் கிளாஸ் முடிந்து போய்விடுவார்கள். சிலரை ஒன்பதாவதிலேயே ஐஐடி கோச்சிங் என்று அப்பாமார்கள் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஜூனில் புதுசாகக் கொஞ்சம் கொக்குக் கால்கள் வந்து நிற்கும். மறுபடி முதலிலிருந்து.

கிரிஜாவை ஒருதரம் பேகம்பேட்டில் பார்த்தார். கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் காபி. ஒரு ஜான்கூட வளரவில்லை. இவர் முகமெல்லாம் சிரிப்பாக அருகே போனார். அவள் யாரோ என்னவோ என்று வழிவிட்டு ஒதுங்கிப் போய்விட்டாள். வீடு போகிற வரை அவருக்கு மனசு ஆறவில்லை. பிறகுதான் உறைத்தது. அந்தப் பெண் இவர் முகத்தை எங்கே பார்த்தாள்? அவள் பார்த்ததெல்லாம் முதுகுதானே.

2010-ல் வந்த டீம்தான் இத்தனை வருஷத்தில் அவர் பார்த்த நல்ல டீம். அதில் ஒன்பதாம் நம்பர் தாரிணி. நெடுநெடுவென்று வளர்த்தி. பந்தைக் கையில் வாங்கினால் கால் தரையில் இருக்காது. லீக்கில் ஒவ்வொரு ஸ்கூலாகச் சாய்த்துக்கொண்டு வந்தார்கள். ஃபைனல் வரை போய்விடும் என்று பூபாலன் லேத்திடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படி ஒரு மேட்சில்தான் அவர் கேலரிப் படியில் உட்கார்ந்து வழக்கம்போல் தனக்குத்தானே, "ஏறு, ஏறு… சுத்தி வா கண்ணு" என்று முனகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு குரல்.

"நீங்க தமிழுங்களா?"

திரும்பினால் ஜீன்ஸ் போட்ட ஒரு அம்மா. தோளில் லேப்டாப் பை. முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"ஆமாம்மா, ஆமா!" என்றார் பூபாலன். தன் குரலே அவருக்குப் புதுசாகக் கேட்டது.

"அட! நாங்க கோயமுத்தூருங்க. எம் பேரு பத்மப்ரியா. வந்து ஒரு வருசந்தான் ஆச்சு. இங்க வாயத் தொறந்து பேச ஆளே இல்லீங்க. எம் பொண்ணே தெலுங்குல பதில் சொல்றா. நீங்க எந்த ஊருங்க?"

"இந்த ஊருதாம்மா. அப்பா லாலாகுடா ஒர்க்ஷாப்புல இருந்தாரு."

"அப்ப ஐதராபாத்காரரேதான்னு சொல்லுங்க! பொண்ணு எந்த நம்பருங்க?"

அந்த இடத்தில் ஒரு "ஹவ்" போட்டிருக்கலாம். ஆனால் தமிழில் அதற்கு ஈடாக ஒன்று அவர் வாய்க்கு வரவில்லை. எத்தனையோ வருஷம் கழித்து ஒருத்தர் தமிழில் கேட்டதும் உள்ளே இருந்தது அப்படியே வந்துவிட்டது.

"எனக்குப் பொண்ணு இல்லம்மா. கல்யாணமே ஆவல."

"ஓ… அண்ணன் பொண்ணா?"

"இல்லம்மா. சும்மா மேட்ச் பாக்க வருவேன்."

"பொண்ணுங்க மேட்சா?"

"ஏழு வருசமா."

அந்த அம்மாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. பூபாலன் சந்தோஷத்தில் அதைக் கவனிக்கவில்லை. பேசக் கிடைத்த வாய் நிற்கவில்லை.

"உங்க பொண்ணு ஒம்பதாம் நம்பரா? நெனச்சேன், உங்க ஜாடைதான். இடது கால்ல வலி இருக்கும்மா அதுக்கு. ரெண்டு நாளா தாங்கித் தாங்கி வெக்குது பாருங்க. குதிச்சு எறங்கறப்ப மூஞ்சி சுளிக்குது. நான் தினம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பத்மப்ரியா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். நாலு படி இறங்கி மற்ற அம்மாக்களோடு போய் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒவ்வொரு தலையாக இவர் பக்கம் திரும்பியது.

அடுத்த வாரம் காஜா மியான் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"பூபாலன் பாய், நயா ரூல். பேரன்ட்ஸ் பாஸ் ஹோனா." புது ரூலாம், பெற்றோருக்கான பாஸ் வேண்டுமாம்.

"கைக்கு?"

ஏன் என்றுதான் கேட்டார். காஜா மியான் தாடியைச் சொறிந்துகொண்டார். "கைக்கு போலே தோ… பச்சியாங் ஹை நா பாய். சமஜ்ஜாவ்."

பெண்பிள்ளைகள் இருக்கிற இடம், புரிந்துகொள் என்றார். பூபாலனுக்குப் புரிந்தது. புரிந்ததுதான் வினை. கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பார். அந்த அம்மா செய்ததில் என்ன தப்பு? அவருக்கே ஒரு பெண் இருந்து, யாரோ ஒரு தனி ஆள் வந்து உன் பொண்ணு காலை தினம் பார்க்கிறேன் என்றால் சும்மா விட்டிருப்பாரா? சட்டையைப் பிடித்திருப்பார்.

அதற்குப் பிறகு பஸ் ஹப்சிகுடாவைத் தாண்டும்போது அவர் மறுபக்கம் பார்த்துக்கொண்டார். ரூமுக்குச் சீக்கிரம் போய் என்ன செய்வது? சோறு வடித்தார். டிவியில் கிரிக்கெட் போட்டுப் பார்த்தார். உப்பலில் பையன்கள் வாலிபால் ஆடுகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அவர்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் இவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பேசாமல் வந்துவிட்டார். பட்டறையில் ஒரு நாள் மிஷினை ஓடவிட்டுவிட்டு, ஏனென்று தெரியாமல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். மேஸ்திரி வந்து உலுக்கினார்.

நவம்பரில் ஒரு நாள் டிராபிக்கில் பஸ் அந்த கேட்டுக்கு நேராக நின்றுவிட்டது. கேட்டில் பேனர் கட்டியிருந்தார்கள். ஃபைனல். இன்றைக்கு. இங்கேயே.

பஸ் கிளம்புமுன் இறங்கிவிட்டார்.

உள்ளே போகக் கேட்கவில்லை. கேட்டுப் பக்கமே போகவில்லை. ரோட்டோரம் கரும்பு ஜூஸ் வண்டிக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் நின்றார். ஒரு டம்ளர் வாங்கி ரொம்ப நேரம் குடித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஷூக்கள் தேய்கிற சத்தம், விசில், வசந்தகுமாரி மேடத்தின் தொண்டை. நம் பிள்ளைகள் கூடை போட்டால் ஒரு மாதிரி கூச்சல், எதிராளி போட்டால் வேறு மாதிரி. கிட்டத்தட்ட சரிசமமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசி நிமிஷங்களுக்கு வந்துவிட்டது என்பது அம்மாக்களின் கூச்சலிலேயே தெரிந்தது.

திடீரென்று ஒரு விசில். அதோடு பந்து சுவரைத் தாண்டி எகிறி ரோட்டில் வந்து விழுந்தது.

ஆட்டோக்காரன் பிரேக் அடித்துத் திட்டினான். பூபாலன் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடி, கையைக் காட்டி ஒரு ஸ்கூட்டரை நிறுத்தி, பந்தை இரண்டு கையாலும் வாரினார். ஏழு வருஷத்தில் அதைத் தொடுவது அதுதான் முதல்தரம். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. தோலில் சின்னச் சின்னப் புள்ளி மேடு. இரும்பைத் தவிர எதையும் பிடித்துப் பழகாத கைக்கு அது என்னவோபோல் இருந்தது.

காஜா மியான் கேட்டில் இருந்த சின்னக் கதவைத் திறந்தார். பின்னாலேயே ஒரு பெண் ஓடிவந்தாள். ஒன்பதாம் நம்பர். மூச்சு வாங்கியது. இடது கணுக்காலில் கச்சிதமாகக் கட்டுப் போட்டிருந்தது. பார்த்ததும் பூபாலனுக்கு நிம்மதியாக இருந்தது. பந்தை மட்டும் நீட்டினார்.

தாரிணி வாங்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். தெரியாத முகத்தைப் பார்க்கிறதுபோலத்தான் பார்த்தாள். பிறகு அவருடைய காக்கிச் சட்டையைப் பார்த்தாள்.

"அங்கிள், ஃபவுல் எனக்குத்தான். ரெண்டு ஷாட் இருக்கு," என்றாள். "திரும்பி நின்னுக்கோங்க."

ஓடிவிட்டாள். காஜா மியான் கதவைச் சாத்தப் போனவர், இவரைப் பார்த்துவிட்டு, ஒரு பாதம் அகலத்துக்கு அதைத் திறந்தே வைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

பூபாலன் அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்து நின்றார். எதிரே பஸ்கள், ஆட்டோக்கள், கம்பெனி கேப்கள். நடுரோட்டைப் பார்த்து விறைப்பாக நிற்கிற இந்த ஆளை ஜூஸ்காரன் ஒரு மாதிரி பார்த்தான். பின்னால் பந்து தரையில் தட்டுகிற சத்தம். நின்றது.

டங்.

உள்ளே ஒரு "ஐயோ". பூபாலன் அசையவில்லை. பந்து மறுபடி தட்டப்பட்டது. ஒரு லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே போனான். போய்த் தொலையேண்டா என்று பல்லைக் கடித்தார். ஹார்ன் தேய்ந்தது. சரக்.

அடுத்து வந்த கூச்சலில் சுவரே எழுந்துவிடும்போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் நீண்ட விசில் ஊதி ஆட்டம் முடிந்தது. ஒரு பாயிண்டில் ஜெயித்துவிட்டார்கள்.

பிள்ளைகள் கும்பலாக வெளியே வந்து வேனில் ஏறினார்கள். பாட்டும் கூத்துமாக இருந்தது. பத்மப்ரியா மகளின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இவரைப் பார்த்தாள். நடை ஒரு நொடி தளர்ந்தது. பிறகு மகளின் முதுகில் கை வைத்து வேன் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். தாரிணி இவர் பக்கம் பார்க்கவில்லை. கப்பை யார் பிடிப்பது என்று அவர்களுக்குள் சண்டை.

உப்பல் பஸ்சில் கூட்டம் இல்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. கண்டக்டர்தான் அருகே வந்தார்.

"உப்பல்," என்றார் பூபாலன். "ஜீத் கயே." ஜெயித்துவிட்டார்கள் என்று.

"கோன் ஜீத்தே சாப்?"

"ஹமாரே பச்சியாங். பாஸ்கெட்பால்."

நம்ம பிள்ளைகள் என்றதும் கண்டக்டர் சிரித்தார். "அரே வா! ஆப்கி பேட்டி பீ கேல்தி கியா?" உங்க பொண்ணும் ஆடுதா என்று கேட்டார்.

ஹவ் என்பது நாக்கு நுனி வரை வந்தது. இந்த பாஷையில் அது என்றைக்குமே சுலபம்.

"நை," என்றார். "மை காலி பீட் திகாதௌங்." இல்லை, நான் வெறுமே முதுகு காட்டறவன்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.