கிணறு கிணறாக எண்ணிய தழும்புகள்

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியது மருந்துப் புட்டிகளில் ஒட்டும் சீட்டில் நோயாளியின் பெயர் மட்டும்தான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றைக்கும் தகராறு. தவறு இருந்தால் கம்பவுண்டர் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர்தான் இரண்டு வருடமாக, "அண்ணாச்சி, அந்தக் கிணத்துக் கணக்க எழுதித் தாருங்க, புதுசா வேலைக்கு வாற பிள்ளேளுக்கு வாசிச்சுக் காட்டலாம்" என்று கேட்கிறார். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் பொன்னையன். பாறசாலைக்கும் காரோட்டுக்கும் நடுவில் உள்ள ஒரு சர்க்கார் டிஸ்பென்சரியில் அட்டெண்டர். பெருக்குவது, புட்டி கழுவுவது, டிக்கெட் வரிசைப்படி ஆளைக் கூப்பிடுவது, மிக்சர் புட்டிக்கு அளவுச் சீட்டு வெட்டுவது எல்லாம் என் வேலை. அளவுச் சீட்டு இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நீளமான காகிதத்தை மடித்து ஓரத்தில் கத்தரியால் பல் பல்லாக வெட்டிப் புட்டியின் பக்கத்தில் ஒட்டுவோம். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. படிக்கத் தெரியாதவர்களும் விரலால் தடவிப் பார்த்துக் குடித்துவிடுவார்கள்.

1. வரிசை

நான் வேலைக்குச் சேர்ந்தது எல்லைக் கிளர்ச்சி நடந்த காலம். எங்கள் பக்கத்துத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கட்சி, திருவிதாங்கூர்-கொச்சியிலேயே இருக்க வேண்டும் என்று மறு கட்சி. சந்தையில் கடைகள் திறப்பதும் அடைப்பதுமாக இருந்தன. வீட்டில் தமிழும் வெளியே மலையாளமும் பேசிப் பழகியவர்கள், ரோட்டில் எதைப் பேசுவது என்று யோசித்துப் பேசினார்கள்.

சேர்ந்த மாதமே பள்ளிக்கூட வராந்தாவில், பெரியம்மை வராமலிருக்க அம்மைப்பால் குத்தும் முகாம் நடந்தது. எங்கள் பக்கம் அச்சுக்குத்து என்போம். வரிசையை ஒழுங்கு செய்ய என்னை நிறுத்தினார்கள். சந்தைத் தெருக்காரர்கள் முன்னால், கோயில் பக்கத்து வீட்டுக்காரர்கள் அடுத்து, பொற்றைக்காரர்கள் கடைசியில். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை. எப்போதும் அப்படித்தான் நின்றார்கள், நானும் அப்படியே நிறுத்தினேன்.

பொற்றை என்பது ஊருக்குத் தெற்கே உள்ள மேடு. பனையேறி அக்கானி என்கிற பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுகிற தமிழ்க் குடும்பங்கள் அங்கே உண்டு. என் அக்கா செல்லம்மாவைக் கட்டிக்கொடுத்ததும் அங்கேதான். அன்றைக்கு அவளும் மூன்று பிள்ளைகளோடு வந்திருந்தாள். என் அக்காவை முன்னால் விட்டால் ஊர் என்ன சொல்லுமோ என்று எனக்கு வெட்கம். "அக்கா, நீ கடைசியில நில்லு" என்றேன்.

வெயில் ஏறியது. அவள் இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள்.

"மக்கா, அக்கானி அடுப்புல கெடக்கு. தீஞ்சு போச்சுன்னா உங்க அத்தான் என்னைய அரிஞ்சு போடுவாரு. நான் போறேன்."

"செத்த நேரம் அக்கா."

"உனக்கு செத்த நேரம். அடுப்புக்குத் தெரியுமா?"

போய்விட்டாள். அவள் பின்னால் பொற்றைப் பெண்கள் எல்லாரும் போனார்கள். அம்மைப்பாலும் தீர்ந்துவிட்டது. போனவர்களின் பெயரை யாரும் எழுதவில்லை, ரிஜிஸ்டரில் பெயர் உள்ள எல்லாருக்கும் குத்தியிருந்தது. அதனால் ஒருவர் விடாமல் குத்தியாகிவிட்டது என்று மேலே எழுதிப்போனது.

2. மொழி கேட்டது

அடுத்த பனைக்காலம் வருவதற்குள் எங்களுக்குப் புது டாக்டர் வந்தார். வடக்கே கோட்டயம் பக்கத்துப் பெண். எல்லாரும் டாக்டரம்மா என்போம். தமிழ் கேட்டால் புரியும், பேசினால் பாதி மலையாளமாக வரும். அந்த மாதம் காரோட்டுக் கடற்கரையில் பெரியம்மை கண்டிருப்பதாகச் செய்தி வந்தது. அன்று முதல் டாக்டரம்மா எந்த நோய்க்கு வந்த பிள்ளையானாலும், அச்சுக்குத்தின் தழும்பு இருக்கிறதா என்று கைச் சட்டையை உயர்த்திப் பார்த்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"பொன்னையா, தழும்பு இல்லாத பிள்ளைகளெல்லாம் தமிழ் பேசுற வீட்டுப் பிள்ளைகளாணல்லோ. ரிஜிஸ்டர்ல எல்லாருக்கும் குத்தியதுன்னு இருக்கு. இது எங்ஙனே?"

எனக்குப் பதில் தெரியும். கையிலிருந்த டிக்கெட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

வீடு வீடாகப் போய், வீட்டில் எந்த மொழி, எத்தனை பிள்ளை, குத்தியதா இல்லையா என்று எழுதி வரச் சொன்னார். காகிதத்தில் கட்டம் போட்டுக் கொடுத்தார். மூன்று நாள் நடந்தேன். மூன்றாம் நாள் டீக்கடை முன்னால் தங்கையன் அண்ணன் என்னைத் தடுத்தார். தமிழ்க் கட்சிக்காகக் கொடி பிடிக்கிறவர். போலீஸ் அவர்மேல் கண் வைத்திருந்தது.

"எலே, யாருக்குலே இந்தக் கணக்கு?"

"ஆஸ்பத்திரிக்கு அண்ணே."

"ஆஸ்பத்திரிக்கு என்னத்துக்குலே பாசை? மருந்து தமிழ்ல கசக்கவும் மலையாளத்துல இனிக்கவுமா செய்யும்? எல்லைக்கு ஆளு எண்ணுதாவ, நீ அதுக்கு ஏஜெண்டு ஆக்கும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வேர்த்துப்போய் வந்துவிட்டேன்.

ஆனால் அப்படி நினைத்தது அவர் மட்டும் இல்லை. ஊரே அப்படித்தான் நினைத்திருந்தது. போலீசுக்குப் பயந்த தமிழ் வீடுகளில் மலையாளம் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பாட்டா, அவருக்கு மலையாளத்தில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது, "மலையாளம் எழுதிக்கோ தம்பி, வம்பு வேண்டாம்" என்றார். பிள்ளைகளையும் பாதி மறைத்தார்கள். டாக்டரம்மா கட்டங்களைக் கூட்டிப் பார்த்தார். தமிழ் வீடு, மலையாள வீடு இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

"அப்போ நான் கண்டது தப்பு" என்று காகிதத்தை மடித்து வைத்தார்.

3. கிணறு கேட்டது

அவர் மடித்து வைத்ததும் எனக்குப் பகீர் என்றது. அக்காவின் மூன்று பிள்ளைகளின் கையிலும் தழும்பு இல்லை என்று எனக்குத் தெரியும். அம்மை கடற்கரையிலிருந்து நடந்து வர எத்தனை நாள் ஆகும்? புட்டி கழுவும் தொட்டியின் பக்கம் போய் நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"அம்மா, முகாமில் பொற்றைக்காரர்களைக் கடைசியில் நிறுத்தியது நான்தான். அம்மைப்பால் தீர்ந்துபோச்சு. அவர்கள் குத்தாமலே போனார்கள். குத்தியவர்கள் பெயர் மட்டும்தான் ரிஜிஸ்டரில் இருக்கிறது."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். டாக்டர் முன்னால் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"இனி எங்ஙனே எண்ணும்?"

"மொழி கேட்டால் பயப்படுகிறார்கள் அம்மா. எந்தக் கிணற்றில் தண்ணீர் கோரி எடுக்கிறீர்கள் என்று கேட்டால் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள்."

எங்கள் ஊரில் அப்போது அப்படித்தான். சந்தைத் தெருவுக்கு ஒரு கிணறு, கோயில் பக்கத்துக்கு ஒன்று, பொற்றைக்கு ஒன்று. ஒரு கிணற்றுக்காரர் மற்றக் கிணற்றில் வாளி இறக்க மாட்டார். இறக்க விடவும் மாட்டார்கள். யார் யார் என்பதைக் கிணறே பிரித்து வைத்திருந்தது. அது நல்ல வழக்கம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தடவை எண்ணுவதற்கு உதவியது.

இந்த முறை பென்சில் கொண்டுபோகவில்லை. கிணற்றுக்கு ஒரு நீளக் காகிதமும் கத்தரியும் எடுத்துக்கொண்டு, பெண்கள் தண்ணீர் கோரும் நேரத்தில் கிணற்றடியில் போய் நின்றேன். பிள்ளைகளின் கையைப் பார்த்தேன். தழும்பு இருந்தால் இடது ஓரத்தில் ஒரு பல், இல்லாவிட்டால் வலது ஓரத்தில் ஒரு பல். பெயர் கிடையாது, எழுத்தும் கிடையாது.

"என்னடே, புட்டியில்லாம சீட்டு வெட்டுத?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"புட்டி பின்னால வருது" என்றேன். எல்லாரும் சிரித்துக்கொண்டே பிள்ளைகளை முன்னால் தள்ளினார்கள்.

காகிதங்களை மேசையில் வரிசையாக வைத்தேன். சந்தைத் தெருக் காகிதத்தின் இடது ஓரம் ரம்பம் போல இருந்தது, வலது ஓரத்தில் அங்கொன்று இங்கொன்று. பொற்றைக் கிணற்றுக் காகிதத்தில் வலது ஓரம் முழுவதும் பல். இடது பக்கம் விரலை வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டே போனது. டாக்டரம்மா இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

4. நெய்யாற்றின்கரை

மறுநாள் அம்மைப்பால் கேட்க பஸ்ஸில் நெய்யாற்றின்கரைத் தாலுகா ஆபீசுக்குப் போனோம். மேலதிகாரி காகிதங்களைத் தூக்கிப் பார்த்துவிட்டு, டாக்டர் பிள்ளைகளுக்குத் தோரணம் செய்கிறாரா என்று கேட்டார். டாக்டரம்மா ரிஜிஸ்டரையும் அதன் பக்கத்தில் வைத்து ஒருமணி நேரம் மலையாளத்தில் பேசினார். நான் வாசலில் நின்றேன். முடிவில் அம்மைப்பால் கிடைத்தது, ஆனால் தேவையில் பாதிதான். மிச்சம் அடுத்த வாரம். சந்தைத் தெருவில் தொடங்க வேண்டும், போலீஸ் துணை வரும் என்று உத்தரவு.

திரும்பி வந்ததும் டாக்டரம்மா காகிதங்களை மறுபடி விரித்தார். எனக்கு, "அம்மா, என் அக்கா பொற்றையில் இருக்கிறாள்" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் சொந்தக்காரருக்குக் கேட்டதாகிவிடும். சொல்லாவிட்டால் போன தடவை மாதிரிதான். மேசையில் சுருண்ட காகித ஓரங்களை நீவிவிட்டேன். அவர் வலது ஓரம் நிறைந்த காகிதத்தை எடுத்தார்.

"இது பொற்றையாணல்லே? முதல்ல இவிடெ. போலீசு வேண்டா. போலீசைக் கண்டால் ஒரு பிள்ளையும் வராது."

அவருக்கு என் அக்காவைப் பற்றித் தெரியாது. உத்தரவை மீறி அவர் அதைச் சொன்னது அந்தக் காகிதத்தை மட்டும் பார்த்து. நான் வெளியே வந்து தொட்டியில் முகத்தைக் கழுவினேன்.

5. பொற்றையில்

ஆனால் பொற்றையில் வேறொரு பேச்சு கிளம்பியிருந்தது. கையில் முத்திரை குத்தி, முத்திரை உள்ளவர்களை எல்லாம் மலையாளக் கணக்கில் சேர்க்கப் போகிறார்களாம். மலையாளம் பேசுகிற சந்தைத் தெருக்காரர்களின் கையில் முத்திரை இருப்பதே அதற்குச் சாட்சியாம். கதவுகளை அடைத்துக்கொண்டார்கள். அக்காவும் அடைத்தாள்.

நான் தங்கையன் அண்ணனைத் தேடிப் போனேன். மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் இருந்தார். எனக்குப் பேச்சு திக்கியது. அம்மை காரோட்டில் இருப்பதையும் அக்கா பிள்ளைகளையும் வரிசையில் நான் செய்ததையும் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"நீ நிறுத்தின வரிசைக்கு நான் வந்து கை நீட்டணுமோ?"

"நீங்க சொன்னாத்தான் கேப்பாவ அண்ணே."

"என்னைய பிடிச்சிட்டுப் போனா?"

"போலீசு வராது. டாக்டரம்மா வேண்டாம்னுட்டாவ."

காலையில் அக்கானி இறக்கிக் காய்ச்சி முடிந்த பிறகு, மத்தியானம் கழிந்து வரச் சொன்னார். போனோம். கிணற்றடியில் அவர் சட்டையைக் கழற்றி நின்றார். டாக்டரம்மா ரிஜிஸ்டரைத் திறக்கவே இல்லை.

"பேரு வேண்டா. கை மட்டும் மதி, போதும்."

கருவியைக் கண்டதும் அண்ணன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "அம்மோ" என்றார். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவி, "போலீசுத் தடிக்குப் பயப்படாத ஆளு, ஊசிக்குப் பயப்படுதத பாரு!" என்றாள். சிரிப்பு ஒவ்வொரு வீடாகக் கேட்டது. பிறகு கதவுகள் திறந்தன.

அக்கா கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இந்தத் தடவ எங்க நிக்கணும் மக்கா?" என்று கேட்டாள். கிண்டலாகவா, நிசமாகவா என்று எனக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்து முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அம்மை எங்கள் ஊருக்கு வந்தது. அதற்குள் அடுத்த பங்கு அம்மைப்பால் வந்து மற்றக் கிணறுகளிலும் குத்தி முடித்திருந்தோம். சந்தைத் தெருவில், எனக்கு வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்ட ஒரு பெரியவர் இறந்துபோனார். பொற்றையில் இரண்டு பேருக்குக் கண்டது, இருவரும் தேறினார்கள். பிள்ளைகள் ஒருவரும் சாகவில்லை. அதற்குப் பிறகு முகாமைப் பள்ளிக்கூடத்தில் மட்டும் வைப்பதில்லை. கிணற்றடிகளுக்கும் போவோம், அந்தந்த இடத்துக்கு வசதியான நேரத்தில். நோட்டீசை இரண்டு மொழியிலும் ஒட்டுவோம். வந்த வரிசைப்படிதான் டிக்கெட்.

எல்லை வகுத்தார்கள். எங்கள் ஊர் கேரளத்தில் நின்றது. தங்கையன் அண்ணன் இதை நினைத்து இன்றைக்கும் வருத்தப்படுவார், ஆனால் என்னைக் கண்டால் சட்டைக் கையை உயர்த்திக் காட்டாமல் போக மாட்டார். டாக்டரம்மா மாற்றலாகிப் போனார். போகும்போது நான் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை, கதவோரம் நின்று தலையை ஆட்டினேன். என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டதற்கும், என் தவறைச் சொன்ன பிறகும் என்னையே எண்ண அனுப்பியதற்கும் இப்போது எழுத்தில் நன்றி சொல்கிறேன். கதவைத் திறந்த பொற்றைப் பெண்களுக்கும் தங்கையன் அண்ணனுக்கும் சேர்த்துத்தான்.

புதிதாக வருகிற பிள்ளைகளே, ரிஜிஸ்டர் நிறைந்திருந்தால் வேலை முடிந்தது என்று மூடி வைத்துவிடாதீர்கள். அதில் வந்தவர்கள்தான் இருப்பார்கள். யார் வரவில்லை, அவர்களை வரவிடாமல் நாம் என்ன செய்தோம் என்று வெளியே போய்ப் பாருங்கள். நான் போய்ப் பார்த்ததால் என் அக்காவின் கடைசிப் பிள்ளை இப்போது தனுவச்சபுரத்தில் படித்து முடித்து, நர்சு படிப்புக்கு மனுப் போட்டிருக்கிறாள்.

1971 ஆகஸ்ட் 25, கொல்லம் 1147 ஆவணி 9.