செல்வின் அண்ணன் பெயர் இருந்த இடம்

இன்று காலை துறைமுகத்தில் எங்கள் ப்ராஜெக்டின் ரிஸ்க் மீட்டிங். எதெல்லாம் தப்பாகப் போகலாம், எதற்கு யார் பொறுப்பு என்று மாதாமாதம் பேசுவோம்; பட்டியலைத் திரையில் போட்டுத் திருத்துவது என் வேலை.

கிரேன் ரோப் அறுந்து போகும் ஆபத்துக்கு வந்தோம். பொறுப்பாளர் என்று திரையில், எங்களோடு வேலை பார்த்த செல்வின் அண்ணன் பெயர்.

போன வாரம்தான் அவரை திரேஸ்புரத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். தூக்கத்தில் மாரடைப்பு.

மேனேஜர், "பேர மாத்திரும்மா" என்றார்.

அழித்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"யாரு பேரப் போட சார்?"

எல்லோரும் போனைப் பார்த்தார்கள்.

"இப்போதைக்கு ஒம் பேரப் போட்டுக்கோ."

போட்டேன். அடுத்த ஆபத்துக்குப் போய்விட்டோம்.

செல்வின் அண்ணன் தினமும் வேலை தொடங்குமுன் தானே போய் ரோப்பைப் பார்ப்பார். அதனால் மதியம் நானும் போய், நின்றிருந்த கிரேன் அடியில் அண்ணாந்து பார்த்தேன்.

ஆபரேட்டர் அண்ணாச்சி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். "ஏளா, என்னத்தப் பாக்குத?"

"தெரியல அண்ணாச்சி."

அவரும் என் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். "செல்வின் இருந்தா சொல்லுவான்" என்றார்.

இரங்கல் எல்லாம் வேண்டாம். உங்கள் ஆபீஸில் இப்படி ஒரு இடம் காலியானால் யார் பெயரைப் போடுவார்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.