ஏர் பிரஷ் வாங்கப் போன நாள்

தொண்ணூறுகளின் நடுவில் காந்திபுரத்தில் ஒரு லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே எனக்குச் சின்னதாக ஓர் அறை இருந்தது. பழைய போட்டோக்களைச் சீர்செய்து தருவதுதான் என் தொழில். கிழிசல், கறை, பூஞ்சை எல்லாவற்றையும் பெரிதாக்கிய பிரதியில் சாயம் தீட்டி மறைத்துவிடுவேன். அதற்கு முன்பு லேத் பட்டறையில் இருந்தேன். அங்கே அடிபட்டதில் வலது ஆள்காட்டி விரலின் நுனி மரத்துப்போயிருந்தது. தூரிகை பிடிப்பதற்கு அது பெரிய தடையாக இல்லை.

ஒருநாள் காலை வால்பாறையிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். கணவர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கைக்குட்டையைப் பிரித்து, கணவருடைய வேலை அடையாள அட்டையை எடுத்து வைத்தார். அதிலிருந்த சின்னப் படத்தின் மேல் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தார்கள். வட்டத்தின் விளிம்பு நெற்றியில் தொடங்கி இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போயிருந்தது.

"இது ஒண்ணுதானுங்க இருக்குது. கல்யாணத்துக்குக்கூட நாங்க படம் புடிக்கலீங்க" என்றார்.

"செஞ்சு தாரேனுங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

பெரிதாக்கி எடுத்ததும்தான் வினை தெரிந்தது. ஸ்டாம்ப் மையும் முகத்தோடு சேர்ந்து பெரிதாகியிருந்தது. தூரிகையால் புருவம் வரைந்தேன். ஒட்டுப் புருவம் மாதிரி இருந்தது. என்னிடமிருந்த பழைய ஸ்பிரே, பின்னணிக்கு மட்டும்தான் உதவும். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சாயத்தைத் துப்பிவிடும். நுண்வேலைக்கென்று, காற்றழுத்தத்தில் சாயத்தைத் தெளிக்கும் நல்ல ஏர் பிரஷ் ஒன்று வாங்காமல் முடியாது என்று தெரிந்துபோயிற்று.

டவுன்ஹால் பக்கம் ஓவியச் சாமான் விற்கும் பாய் கடைக்குக் கிளம்பினேன். என் மனைவியும் கூட வந்தாள். அவள் வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். லைனிங் துணி எடுக்க வேண்டியிருந்தது.

பாய் மேசையில் செய்தித்தாளை விரித்து இரண்டு ஏர் பிரஷ்களை வைத்தார். ஒன்றில் கீழே பாட்டில் தொங்கியது. விசையை அழுத்தினால் போதும், ஒரே அளவாகச் சாயம் வரும். மற்றொன்று பேனா அளவுதான். மேலே சுண்டுவிரல் நகம் கொள்ளும் அளவுக்கு ஒரு கிண்ணி. உள்ளே மெல்லிய ஊசி.

"இதுல அழுத்துனா காத்து மட்டுந்தானுங்க வரும். அப்படியே பின்னால இழுத்தீங்கன்னா சாயம் வரும். எவ்வளவு இழுக்கறீங்களோ அவ்வளவு கோடு தடிக்கும். முடி மாதிரி வேணுமுன்னா இதுதானுங்க" என்றார்.

நான் பிடித்துப் பார்த்தேன். அழுத்துவது தெரிந்தது, எவ்வளவு இழுக்கிறேன் என்பது மரத்த விரலுக்குத் தெரியவில்லை. தாளில் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு விழுந்தது. நாலைந்து முறை முயன்றேன். வியர்த்துவிட்டது.

"நான் பாக்கட்டுங்களா?" என்று மனைவி கேட்டாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள்.

பிடித்த மாத்திரத்தில் ஒரு கோடு இழுத்தாள். நூல் மாதிரி வந்தது. அப்புறம் செய்தித்தாளில் யாரோ ஒருவருடைய படத்துக்கு மீசை முளைக்க வைத்தாள், ஒவ்வொரு முடியாக. பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"அம்மணி கை ஆடாம நிக்குதுங்களே!"

எனக்குச் சுருக்கென்றது. "ஊசி ரொம்பச் சன்னம். அடைச்சுக்கும். பாட்டில் வெச்சதே இருக்கட்டும்" என்றேன்.

அவள் ஏர் பிரஷைக் கீழே வைத்தாள். "உங்க கைக்கு எது தோதோ அதையே வாங்குங்க" என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். அது புரிந்தபோது இன்னும் கூச்சமாக இருந்தது.

யோசித்துவிட்டு வருகிறோம் என்று வெளியே வந்தோம். எதிர்க் கடையில் டீ குடித்தோம். அவள் விரல் நுனியில் ஒட்டியிருந்த கறுப்பைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சந்தோஷம். அதை எனக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். கல்யாணமான ஆறு வருடத்தில் நான் அந்த முகத்தைக் கண்டதில்லை. டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பக் கடைக்குப் போனேன்.

"பாய், சின்னதையே குடுங்க."

"ஏனுங்க, நெசமாவா?" என்றாள் பின்னாலேயே வந்தவள்.

"புருவம் நீதான் போடோணும். எனக்கு வராது, புள்ள."

அவள் பத்து நாள் பழைய தாள்களில் பழகினாள். சாயத்தைப் பால்போலக் கரைத்து, ஊசி அடைத்தால் பொறுமையாகக் கழுவி, பதினோராம் நாள் படத்தைத் தொட்டாள். ஸ்டாம்ப் இருந்த இடம் தெரியவில்லை. புருவம் நெற்றியிலிருந்து தானாக முளைத்தது போலிருந்தது.

சொன்ன நாளில் அந்த அம்மாள் வந்தபோது மனைவியும் அறையில் இருந்தாள். அந்த அம்மாள் படத்தை வெகுநேரம் பார்த்தார். முகம் மலரவில்லை.

"ஏனுங்க, சரியில்லீங்களா?" என்றேன்.

"அவருதானுங்க. ஆனா இது முப்பது வயசுப் படமுங்க. போறப்ப தலையெல்லாம் நரைச்சுப்போட்டுது. என்னப் பாருங்க, எப்படியிருக்கறேன்னு. இதைச் செவுத்துல மாட்டுனா, எம்பையன் படமான்னு கேப்பாங்க."

 அதுவரை முகத்திலிருக்கும் கறையையும் கோட்டையும் அழித்துத்தான் எனக்குப் பழக்கம். மனைவிதான் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். கிண்ணியில் வெள்ளைச் சாயம் விட்டாள்.

"எங்கெங்க நரைச்சிருந்துச்சுன்னு சொல்லுங்க, அக்கா."

"காதுக்கு மேல மொதல்லீங்க. அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகம். மீசையில வேண்டாங்க, அதுக்கு மை பூசிக்குவாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

ஒவ்வோர் இழையாக நரை விழுந்தது. "இன்னும் ரெண்டு, அம்மணி" என்பார், இவள் போடுவாள். கண்ணோரம் ஒரு சுருக்கமும் கேட்டார். அரைமணி நேரத்தில் இருபது வருடம் ஆயிற்று அந்த மனிதருக்கு.

"இப்பத்தானுங்க எங்கூட்டுக்காரரு" என்று சொல்லி, அந்த அம்மாள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த முகங்களையெல்லாம் அவளே எடுத்துக்கொண்டாள். நான் சட்டை, பின்னணி, ஃபிரேம் பார்த்துக்கொண்டேன். யாராவது வேலையைப் பாராட்டினால், "எங்கூட்டுக்காரி செய்யறதுங்க" என்று அவளைக் காட்டுவேன். முதல் தடவை அப்படிச் சொன்னபோது அவள் தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது.