தோடம்பழ வாசத்துக்கு ஒரு செய்முறை

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பியரின் சுவை. சனிக்கிழமை பின்னேரங்களில் நான் வேலையால் வந்து கதிரையில் சாய்ந்ததும் மனைவி திறந்து தருகிற பியர். ஒரு சின்னக் கொம்பனி காய்ச்சியது. முதல் மிடறிலேயே தோடம்பழ வாசம், அந்த ஒரேஞ்ச் வாசம், மூக்கில் ஏறும். அவள் கண்ணை மூடி மூன்று வருடமாகிறது. அடுத்த வருடமே அந்தக் கொம்பனியையும் மூடிவிட்டார்கள். அவளைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை, பியரையாவது கொண்டுவருவோம் என்று கராஜில் காய்ச்சத் தொடங்கினேன்.

செவன் ஹில்ஸில் பியர் காய்ச்சும் சாமான் விற்கிற கடைக்காரர், என்ன சுவை வேண்டுமென்று முதலில் ஒரு தாளில் எழுதச் சொன்னார். மெல்லிய கைப்பு, ரோஸ்டரில் வாட்டின பாணின் வாசம், தோடம்பழம் என்று எழுதினேன். பாண் வாசத்துக்கு எந்த மோல்ட் தானியம், கைப்புக்கு ஹொப்ஸ் பூவை எப்போது போடுவது, தோடம்பழத்துக்குக் காய்ந்த தோலும் இடித்த மல்லியும் எவ்வளவு என்று, சுவையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடக் கற்றுத்தந்தார். நான் தேடும் பியரின் பேரைச் சொன்னதும் நெற்றியைச் சுருக்கினார். அதைத் தானும் நிறையக் குடித்திருப்பதாகவும் அதில் தோடம்பழமே இல்லையென்றும் சொன்னார். உனக்கு நாக்குச் செத்துப்போச்சு என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன்.

மல்லியை அப்படியே போட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் குசினியில் வறுக்காத மல்லியை யார் இடித்தார்கள்? பதமாக வறுத்து இடித்துக் கொதிக்கிற மோல்ட் தண்ணிக்குள் போட்டேன். ஒரு மாதம் கழித்துப் போத்தலைத் திறந்தால் ரசம். நுரை தள்ளுகிற ரசம். இருபது லீற்றரையும் வளவின் பின்பக்கம் ஊற்றும்போது, அவள் இருந்திருந்தால் ஒரு கிழமைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள் என்று நினைத்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு இருபது லீற்றரை நாசமாக்கலாம் போலிருந்தது.

அடுத்த முறை கடைக்காரர் சொன்னபடி செய்தேன். நல்ல பியர்தான், அவரே இரண்டு கிளாஸ் குடித்தார். ஆனால் அது இல்லை. தோலைக் கூட்டினேன், ஹொப்ஸை மாற்றினேன். ஐந்து தரம் காய்ச்சியும் கிட்ட வரவில்லை. சுவையையே மறந்துகொண்டு வருகிறேனோ என்று பயம் பிடித்தது.

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, பிளாக்டவுனில் வேலை செய்யும் மகள் வந்தாள். செய்முறைத் தாளைக் காட்டிப் புலம்பினேன். அவள் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"அப்பா, அம்மா எந்த நேரமும் தோடம்பழம் உரிச்சுக்கொண்டுதானே இருப்பா. அந்தக் கையாலதான் போத்தலைத் திறந்து, அதின்ர வாயைத் துடைச்சுத் தாறவ."

உண்மைதான். எனக்கு முன்னால் இருந்து சுளை சுளையாகப் பிரிப்பாள். பியரில் ஒரு சொட்டும் தொடமாட்டாள். எத்தனை தாள் எழுதிக் கிழித்தேன், அவளுடைய கையை மட்டும் எழுதத் தோன்றவில்லை.

தோலுக்காக வாங்கி வைத்திருந்த பழங்களில் ஒன்றை எடுத்து மகள் ஆறுதலாக உரித்தாள். நான் காய்ச்சிய போத்தல் ஒன்றைத் திறந்து, வாயைப் பெருவிரலால் துடைத்து நீட்டினாள். முதல் மிடறிலேயே வந்தது. மனைவி போன அன்றுகூட நான் அவளுக்காக அப்படி ஏங்கவில்லை. முடிந்துவிடும் என்ற பயத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன்.

இன்னொன்று திறந்து தரச் சொல்ல நிமிர்ந்தேன். மகள் குசினியில் சோப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.